ஹார்டு டிஸ்க்கை மாற்றினால் எல்லாம் போய்விடுமா? விண்டோஸை அப்படியே புதிய எஸ்எஸ்டி-க்கு கொண்டு போவது எப்படி? – முழு விளக்கம்

பவர் பட்டனை அழுத்திவிட்டு, அடுப்பில் டீயை வைத்து, இறக்கி, குடித்து முடித்து வந்து பார்த்தாலும் திரையில் அந்த வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஏழெட்டு வருடப் பழைய லேப்டாப் வைத்திருக்கும் பலருக்கும் இது தினசரி அனுபவம்.

சர்வீஸ் கடைக்கு எடுத்துப் போனால், "ஹார்டு டிஸ்க்கை தூக்கிட்டு எஸ்எஸ்டி போட்டா பறக்கும் சார்" என்பார்கள். கூடவே இன்னொரு வரியும் வரும்: "ஆனா ஃபார்மேட் பண்ணித்தான் ஆகணும், உள்ள இருக்கிறது எல்லாம் போயிடும்."

இந்த இரண்டாவது வரியைக் கேட்டதும் பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். பத்து வருட குடும்பப் புகைப்படங்கள், கடைக்கணக்கு, கல்லூரி புராஜெக்ட், கஷ்டப்பட்டு செட் செய்து வைத்த தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் அந்த டிஸ்க்கில்தானே இருக்கின்றன?

உண்மையில், எதுவும் போக வேண்டிய அவசியம் இல்லை. பழைய டிஸ்க்கில் இருக்கும் விண்டோஸை, அதில் உள்ள மென்பொருள், செட்டிங்ஸ், ஃபைல்கள் எல்லாவற்றோடும் புதிய டிஸ்க்குக்கு மாற்ற முடியும். ஆனால் வேலையைச் செய்யும் வரிசை முக்கியம். வரிசை தப்பினால் கடைக்காரர் சொன்னது உண்மையாகிவிடும். அந்த வரிசை என்ன, ஒவ்வொரு படியும் எதற்காக என்பதைப் பார்ப்போம்.

பழைய ஹார்டு டிஸ்க் ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது?

ஹார்டு டிஸ்க்குக்குள் இருப்பது சுழலும் தட்டும், அதன் மேல் அங்கும் இங்கும் நகரும் ஒரு சிறு முனையும். இந்த அடிப்படை அமைப்பு 1956-ல் ஐபிஎம் நிறுவனம் அறிமுகப்படுத்திய முதல் ஹார்டு டிஸ்க்கிலேயே வந்துவிட்டது. 24 அங்குல விட்டம் கொண்ட 50 தட்டுகள் இருந்த அந்த இயந்திரத்தில் சேமிக்க முடிந்தது சுமார் 50 லட்சம் எழுத்துகள் மட்டுமே. இன்று தட்டு சிறியதாகிவிட்டது, கொள்ளளவு பல லட்சம் மடங்கு கூடிவிட்டது. ஆனால் தட்டு சுழல்வதும் முனை தேடி ஓடுவதும் மாறவில்லை.

லேப்டாப் ஹார்டு டிஸ்க்குகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுழல்பவை. அதாவது ஒரு சுற்றுக்கு சுமார் 11 மில்லி செகண்ட். வேண்டிய தகவல் முனைக்கு நேரே வரும் வரை காத்திருக்க வேண்டும். முனையும் சரியான தடத்துக்கு நகர வேண்டும். விண்டோஸ் பூட் ஆகும்போது ஆயிரக்கணக்கான சிறு சிறு ஃபைல்களை டிஸ்க்கின் பல மூலைகளிலிருந்து படிக்கிறது. ஒவ்வொரு தடவையும் இந்தக் காத்திருப்பு சேர்ந்தால் என்ன ஆகும்? டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் 'டிஸ்க் 100%' என்று சிவந்து நிற்கும்.

எஸ்எஸ்டி-யில் சுழலும் பாகமே கிடையாது, எல்லாம் சிப். எந்த மூலையில் இருக்கும் தகவலையும் ஏறக்குறைய ஒரே வேகத்தில், மில்லி செகண்டில் ஒரு சிறு பங்கு நேரத்தில் எடுத்துவிடும். அதனால்தான் பிராசஸர், ரேம் எதையும் மாற்றாமல் டிஸ்க்கை மட்டும் மாற்றினாலே பழைய லேப்டாப் ஆளே மாறியது போல ஆகிவிடுகிறது.

சி டிரைவை காப்பி பண்ணி பேஸ்ட் பண்ணினால் போதாதா?

போதாது. பலரும் தடுமாறும் இடம் இது.

லேப்டாப்பை ஆன் செய்ததும் நேராக விண்டோஸ் வருவதில்லை. மதர்போர்டில் இருக்கும் யூஇஎஃப்ஐ என்ற சிறு மென்பொருள்தான் முதலில் விழிக்கிறது. பழக்கத்தில் இன்னும் 'பயாஸ்' என்றே சொல்கிறோம். அது டிஸ்க்கில் 'இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்' என்ற தனிப் பகுதியைத் தேடும். பொதுவாக 100 எம்பி அளவில் இருக்கும் இந்தப் பகுதி, ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் கண்ணுக்கே தெரியாது. 'விண்டோஸ் எந்த டிஸ்க்கில், எந்தப் பகுதியில் இருக்கிறது' என்ற முகவரி அதற்குள்தான் எழுதப்பட்டிருக்கிறது. அந்த முகவரியைப் படித்த பிறகே சி டிரைவில் இருக்கும் விண்டோஸ் எழுகிறது.

சி டிரைவை மட்டும் இழுத்துப் போட்டால் வீட்டுச் சாமான் எல்லாம் புது வீட்டுக்கு வந்துவிடும், வீட்டு முகவரி மட்டும் தபால்காரருக்குத் தெரியாது. தவிர, ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் தன்னுடைய பல ஃபைல்களைப் பூட்டி வைத்திருக்கும் என்பதால் சாதாரண காப்பி பாதியிலேயே நின்றுவிடும்.

அதனால் டிஸ்க்கில் உள்ள எல்லாப் பகுதிகளையும், மறைந்திருக்கும் பகுதிகள் உட்பட, அமைப்பு மாறாமல் நகலெடுக்க வேண்டும். இதற்குப் பெயர்தான் 'குளோனிங்'.

குளோனா, புதிதாக இன்ஸ்டாலா? எது சரி?

இரண்டுமே சரியான வழிகள்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு சூழ்நிலை உண்டு.

லேப்டாப் நன்றாகத்தான் ஓடுகிறது, மெதுவாக இருப்பது மட்டுமே பிரச்சனை, உள்ளே திரும்ப இன்ஸ்டால் செய்ய முடியாத மென்பொருள்கள் இருக்கின்றன என்றால் குளோன் செய்யலாம். சிடி தொலைந்துபோன பழைய அக்கவுண்டிங் மென்பொருள், டிடிபி சென்டரில் வருடக்கணக்கில் சேர்த்த வானவில், பாமினி எழுத்துருக்கள் போன்றவை இதற்கு நல்ல உதாரணம்.

வைரஸ் தொல்லை, அடிக்கடி நீலத்திரை, காரணம் தெரியாத எரர் என்று விண்டோஸே சீக்காக இருந்தால் குளோன் வேண்டாம். குளோன் என்பது அச்சு அசல் நகல் என்பதால் நோயும் சேர்ந்தே வரும். ஃபைல்களை மட்டும் பேக்கப் எடுத்துக்கொண்டு புதிய எஸ்எஸ்டி-யில் சுத்தமாக விண்டோஸ் போடுவதே நல்லது. வேறு மாடல் கம்ப்யூட்டருக்கு மாறுகிறவர்களுக்கும் இதுதான் பொருத்தம்.

இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதை குளோன் செய்தால் கிடைப்பதும் அதே விண்டோஸ் 10-தான், வேகம் மட்டுமே கூடும். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 சிப், இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸர் ஆகியவை வேண்டும். எஸ்எஸ்டி போட்டதால் இந்தத் தகுதி வந்துவிடாது.

வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் இடம். 2.5 அங்குல ஹார்டு டிஸ்க் இருக்கும் லேப்டாப் என்றால், அதே இடத்தில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி அப்படியே உட்காரும். வேகம் நொடிக்கு அதிகபட்சம் 550 எம்பி அளவில் இருக்கும். பழைய லேப்டாப்புக்கு இதுவே தாராளம்.

சற்றுப் புதிய லேப்டாப்களில் 'எம்.2' என்ற நீளமான ஸ்லாட் இருக்கும். அதில் போடும் எஸ்எஸ்டி பார்க்க சூயிங் கம் பட்டை மாதிரி இருக்கும். '2280' என்று எழுதியிருந்தால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம் என்று பொருள். பலர் ஏமாறுவது இதில்தான். எம்.2 வடிவத்திலேயே சாட்டா வகையும் உண்டு, அதைவிடப் பல மடங்கு வேகமான என்விஎம்இ வகையும் உண்டு. ஸ்லாட் எதை ஏற்கும் என்பதை லேப்டாப் மாடல் எண்ணை வைத்து உறுதி செய்துகொண்டு வாங்குங்கள். பழைய லேப்டாப்கள் சிலவற்றில் என்விஎம்இ பொருந்தினாலும் அதிலிருந்து பூட் ஆகாது.

அடுத்தது அளவு. பெட்டியில் '1 டிபி' என்று இருக்கும், விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டும். '512 ஜிபி' என்பது 476 ஆகத் தெரியும். யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர்கள் ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிடுகிறார்கள், விண்டோஸ் 1,024 ஆகக் கணக்கிடுகிறது, அவ்வளவுதான். இப்போது பயன்படுத்தும் அளவைப் பார்த்து, அதற்கு மேல் கால் பங்காவது காலியாக இருக்கும்படி வாங்குவது நல்லது.

எஸ்எஸ்டி-யோடு சேர்த்து, அதை வெளியிலிருந்து இணைக்க ஒரு யுஎஸ்பி கேசிங் அல்லது கேபிளும் வாங்க வேண்டியிருக்கும். ஒரே ஒரு டிஸ்க் ஸ்லாட் மட்டுமே உள்ள லேப்டாப்களுக்கு இது கட்டாயம். கேசிங்கும் லேப்டாப் போர்ட்டும் யுஎஸ்பி 3.0 ஆக இருக்கட்டும். 200 ஜிபி தகவலை நொடிக்கு 100 எம்பி வேகத்தில் மாற்றினால் சுமார் 35 நிமிடம். அதையே பழைய யுஎஸ்பி 2.0-வில் செய்தால் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஆகும்.

படி 1: குளோனுக்கு முன்னால் பேக்கப்

'அதான் குளோன் பண்ணப் போறோமே, அப்புறம் எதுக்கு பேக்கப்?' இந்தக் கேள்வி எல்லோருக்கும் வரும். காரணம் இரண்டு.

ஒன்று, குளோனிங் என்பது பழைய டிஸ்க்கின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மணிக்கணக்கில் இடைவிடாமல் படிக்கும் வேலை. ஏற்கெனவே தளர்ந்துபோன டிஸ்க் அந்தச் சுமையில்தான் கடைசி மூச்சை விடும். இரண்டு, குளோனிங்கில் மனிதத் தவறுக்கு இடம் உண்டு. அது என்ன தவறு என்பது படி 4-ல் வருகிறது.

எனவே முக்கியமான ஃபைல்களை முதலில் வேறு ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலோ கிளவுடிலோ போட்டுவிடுங்கள். டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ் மட்டும் போதாது. டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், அக்கவுண்டிங் மென்பொருளின் டேட்டா ஃபோல்டர், அவுட்லுக் மெயில் ஃபைல், பிரவுசர் புக்மார்க், எழுத்துரு ஃபோல்டர் இவையெல்லாம் மறந்துபோகும் இடங்கள். பேக்கப் எடுத்த பிறகு நாலைந்து ஃபைல்களை அங்கிருந்தே திறந்து பாருங்கள். பேக்கப் எடுத்தாச்சு என்பதும், அது திறக்கிறது என்பதும் ஒன்றல்ல.

படி 2: பழைய டிஸ்க்கின் உடல்நிலை

ஒவ்வொரு ஹார்டு டிஸ்க்கும் 'ஸ்மார்ட்' என்ற பெயரில் தன் உடல்நிலைக் குறிப்பைத் தானே எழுதி வைத்துக்கொள்கிறது. 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருளில் அதைப் பார்க்கலாம். 'குட்' என்றால் தொடரலாம். 'காஷன்' அல்லது 'பேட்' என்று வந்தால் உஷார். 'ரீஅலோகேட்டட் செக்டர்', 'கரன்ட் பெண்டிங் செக்டர்' என்ற இரண்டு வரிகளில் எண்ணிக்கை பூஜ்ஜியத்துக்கு மேல் இருந்தால், தட்டில் படிக்க முடியாத அல்லது பழுதான புள்ளிகள் உருவாகிவிட்டன என்று அர்த்தம்.

அப்படி இருந்தால் சாதாரண குளோனிங் மென்பொருள் பாதியில் எரர் காட்டி நிற்கலாம். முக்கியமான ஃபைல்களை மட்டும் முதலில் எடுத்துவிட்டு, எஸ்எஸ்டி-யில் புதிதாக விண்டோஸ் போடுவதே பாதுகாப்பான வழி. லினக்ஸ் தெரிந்தவர்கள் 'டிடி ரெஸ்க்யூ' என்ற கருவியைப் பயன்படுத்துவதுண்டு. எளிதாகப் படிக்க முடிந்த பகுதிகளை அது முதலில் எடுத்துவிடும், அடம் பிடிக்கும் இடங்களை கடைசியில் திரும்ப முயற்சிக்கும்.

டிஸ்க்கிலிருந்து 'டிக்... டிக்...' என்று சத்தம் வருகிறதா? உடனே ஆஃப் செய்துவிடுங்கள். முனை பழுதாகியிருக்கலாம். அதற்கு மேல் ஓட்டும் ஒவ்வொரு நிமிடமும் தட்டைச் சுரண்டுகிறது. அது டேட்டா ரெகவரி நிபுணரின் வேலை, வீட்டில் முயற்சிக்க வேண்டாம்.

படி 3: என்க்ரிப்ஷன், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இரண்டையும் அணையுங்கள்

பல புதிய லேப்டாப்களில் டிஸ்க் முழுவதும் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். உரிமையாளருக்கே அது தெரியாமல் இருக்கலாம். புரோ பதிப்பில் இதன் பெயர் பிட்லாக்கர், ஹோம் பதிப்பில் 'டிவைஸ் என்க்ரிப்ஷன்'. விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதியில் இதைப் பார்க்கலாம்.

இது ஆன் ஆகியிருந்தால் இரண்டு வேலை செய்ய வேண்டும். முதலில், 48 இலக்க ரெகவரி கீயை ஒரு தாளில் எழுதியோ பிரின்ட் எடுத்தோ வையுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்து பயன்படுத்துகிறவர்களுக்கு அந்தக் கணக்கிலேயே இந்த கீ பெரும்பாலும் சேமிக்கப்பட்டிருக்கும். பிறகு என்க்ரிப்ஷனை அணைத்துவிட்டு, அது முழுமையாக முடியும் வரை காத்திருங்கள். இதைச் செய்யாமல் டிஸ்க்கை மாற்றினால் முதல் திரையிலேயே அந்த 48 இலக்கங்களைக் கேட்டு லேப்டாப் நின்றுவிட வாய்ப்புண்டு. கீ இல்லையென்றால் உள்ளே நுழைய மாற்று வழி கிடையாது. வேலை எல்லாம் முடிந்து புதிய டிஸ்க் சரியாக ஓடிய பிறகு மறுபடியும் ஆன் செய்துகொள்ளலாம்.

விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியும் ஒரு சிக்கல். ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக மூடாமல் அரைத்தூக்கத்தில் இருக்கும். பென்டிரைவில் இருந்து பூட் செய்து குளோன் எடுக்கப் போகிறீர்கள் என்றால் ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள், முழுமையாக மூடிக்கொள்ளும்.

கணினியோடு லைசென்ஸ் பிணைக்கப்பட்ட மென்பொருள்களையும் கவனியுங்கள். டேலி போன்றவற்றில் லைசென்ஸை முறையாக 'சரண்டர்' செய்யும் வசதி இருக்கிறது. டிஸ்க் மாற்றிய பிறகு திரும்ப ஆக்டிவேட் செய்ய வேண்டி வரலாம் என்பதால், அதற்கான லாகின் விவரங்கள் கையில் இருக்கட்டும்.

படி 4: குளோனிங்

எந்த மென்பொருள்? சாம்சங் எஸ்எஸ்டி வாங்கியிருந்தால் அந்த நிறுவனத்தின் சொந்த மென்பொருளே இலவசமாகக் கிடைக்கும். வெஸ்டர்ன் டிஜிட்டல், குரூஷியல் போன்றவை தங்கள் டிஸ்க் வாங்குபவர்களுக்கு 'அக்ரோனிஸ்' மென்பொருளின் ஒரு பதிப்பைக் கொடுத்து வந்திருக்கின்றன. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே இவை குளோன் எடுத்துவிடும். பலரும் பயன்படுத்திய 'மேக்ரியம் ரிஃப்ளெக்ட்' இலவசப் பதிப்புக்கான ஆதரவு 2024 ஜனவரியோடு முடிந்துவிட்டது.

எந்த பிராண்டாக இருந்தாலும் வேலை செய்யும் இலவச மென்பொருள் வேண்டுமென்றால் 'குளோன்ஜில்லா' இருக்கிறது. தைவானின் உயர்திறன் கணினி மையத்தில் உருவான ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் இது. பென்டிரைவில் போட்டு, அதிலிருந்து பூட் செய்து பயன்படுத்த வேண்டும். திரையில் எழுத்துகள் மட்டுமே இருக்கும், பார்க்க கொஞ்சம் மிரட்டும். புதிய டிஸ்க் பழையதைவிடச் சிறியதாக இருந்தால் வழக்கமான முறையில் இது ஒத்துக்கொள்ளாது.

வேலையைத் தொடங்கும் முன் லேப்டாப்பை சார்ஜரில் போடுங்கள். தேவையில்லாத பென்டிரைவ், எக்ஸ்டர்னல் டிஸ்க் எல்லாவற்றையும், முக்கியமாக பேக்கப் எடுத்த டிஸ்க்கை, கழற்றி தூரமாக வையுங்கள்.

மென்பொருள் இரண்டு கேள்விகளைக் கேட்கும்: எதிலிருந்து, எதற்கு? 'சோர்ஸ்' என்பது பழைய டிஸ்க். 'டார்கெட்' அல்லது 'டெஸ்டினேஷன்' என்பது புதியது. அவசரத்தில் இது தலைகீழானால் காலி டிஸ்க் அப்படியே பழைய டிஸ்க்கின் மேல் எழுதப்படும், மொத்த டேட்டாவும் போய்விடும். 'ஆர் யூ ஷ்யூர்' என்று எத்தனை தடவை கேட்டாலும் பழக்கதோஷத்தில் 'எஸ்' அடித்துவிடும் கை நம்முடையது. டிஸ்க்கின் பெயரையும் மாடல் எண்ணையும் அளவையும் ஒரு தாளில் எழுதி வைத்து, திரையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தொடங்குங்கள்.

'முழு டிஸ்க்' என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், சி டிரைவை மட்டும் அல்ல. இஎஃப்ஐ பகுதி வந்தே ஆக வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

பழைய டிஸ்க் 1 டிபி, புதிய எஸ்எஸ்டி 512 ஜிபி என்றால் குளோன் ஆகுமா? பயன்படுத்திய அளவு புதிய டிஸ்க்குக்குள் அடங்கினால் பெரும்பாலான விண்டோஸ் மென்பொருள்கள் பகுதிகளைத் தாமே சுருக்கிக்கொள்ளும். அடங்கவில்லை என்றால் சினிமா, வீடியோ போன்ற பெரிய ஃபைல்களை முதலில் வெளியே எடுத்துவிட வேண்டும்.

படி 5: பழைய டிஸ்க்கை கழற்றிவிட்டு முதல் பூட்

மொத்த வேலையிலும் முக்கியமான படி இதுதான். பலர் தவறவிடுவதும் இதைத்தான்.

குளோன் முடிந்ததும் லேப்டாப்பை ஆஃப் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, கழற்ற முடிந்தால் பேட்டரியையும் எடுத்துவிடுங்கள். உடம்பில் இருக்கும் ஸ்டேடிக் மின்சாரம் போக ஏதாவது ஒரு உலோகப் பொருளைத் தொட்டுவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். பழைய டிஸ்க்கை கழற்றி, அதே இடத்தில் எஸ்எஸ்டி-யைப் பொருத்துங்கள். இரண்டு ஸ்லாட் இருக்கும் கம்ப்யூட்டர் என்றாலும் பழைய டிஸ்க்கை கட்டாயம் கழற்ற வேண்டும்.

ஏன் இந்தப் பிடிவாதம்? இரண்டும் ஒன்றாக இருந்தால், கம்ப்யூட்டர் பூட் ஆனது புதிய டிஸ்க்கில் இருந்தா, பழையதில் இருந்தா என்று நமக்குத் தெரியாது. முகவரி பழைய டிஸ்க்கின் இஎஃப்ஐ பகுதியிலும், விண்டோஸ் புதிய டிஸ்க்கிலும் இருக்க, இரண்டும் சேர்ந்து நன்றாகவே ஓடும். 'சூப்பர், வேலை முடிஞ்சுது' என்று பழைய டிஸ்க்கை ஃபார்மேட் செய்வீர்கள். அடுத்த முறை ஆன் செய்தால் கருப்புத் திரைதான் வரும். பழைய டிஸ்க் இல்லாமல் ஒரு தடவை முழுதாக பூட் ஆன பிறகுதான் புதிய டிஸ்க் தன் காலில் நிற்கிறது என்று நம்பலாம்.

ஒரே மாதிரியான இரண்டு டிஸ்க் இணைந்திருந்தால், இரண்டுக்கும் அடையாள எண் ஒன்றாக இருக்கிறது என்று சொல்லி விண்டோஸ் ஒன்றை 'ஆஃப்லைன்' ஆக்கிவிடவும் செய்யும். இதைப் பார்த்து டிஸ்க் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

எஸ்எஸ்டி-யை யுஎஸ்பி கேசிங்கில் வைத்தபடியே பூட் செய்து சோதிக்க நினைப்பதும் தவறு. சாதாரண விண்டோஸ் யுஎஸ்பி வழியாக பூட் ஆகும்படி அமைக்கப்பட்டதல்ல. உள்ளே பொருத்திதான் பார்க்க வேண்டும்.

பூட் ஆகவில்லையா? பதற வேண்டாம்

பழைய டிஸ்க் அப்படியே முழுதாக மேசை மேல் இருக்கிறது. அதைத் திரும்பப் போட்டால் லேப்டாப் பழையபடி ஓடும். எனவே நிதானமாக ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

• ஆன் செய்ததும் பயாஸ் உள்ளே போய், பூட் வரிசையில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' அல்லது புதிய எஸ்எஸ்டி முதலில் இருக்கிறதா என்று பாருங்கள். எஃப்2, டெலிட், எஸ்கேப் என்று இதற்கான கீ லேப்டாப்புக்கு லேப்டாப் மாறும்.

• பழைய விண்டோஸ் 'எம்பிஆர்' முறையில் இருந்ததா, 'ஜிபிடி' முறையில் இருந்ததா என்பது அடுத்த கேள்வி. எம்பிஆர் என்றால் பயாஸில் 'லெகசி' முறை வேண்டும், ஜிபிடி என்றால் 'யூஇஎஃப்ஐ' முறை வேண்டும். குளோன் செய்த பிறகு இந்த செட்டிங்கை மாற்றினால் பூட் ஆகாது.

• முகவரிப் பகுதி மட்டும் பழுது என்றால், வேறு கம்ப்யூட்டரில் விண்டோஸ் இன்ஸ்டால் பென்டிரைவ் ஒன்றைத் தயார் செய்து, அதில் 'ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்' வழியாக 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' ஓட்டுங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால், 'பிசிடிபூட்' என்ற கட்டளை அந்த முகவரியைப் புதிதாக எழுதித் தரும்.

• 'இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்' என்று நீலத்திரை வந்தால், புதிய டிஸ்க்குக்கான டிரைவரை விண்டோஸ் எழுப்பவில்லை என்று பொருள். சாட்டாவில் இருந்து என்விஎம்இ-க்கு மாறும்போது இது நடக்கும். சேஃப் மோடில் ஒரு தடவை பூட் செய்தால் பல நேரங்களில் சரியாகிவிடும்.

எதுவும் சரிவரவில்லை என்றால் பழைய டிஸ்க்கைப் போட்டு, வேறு மென்பொருளில் மறுபடி குளோன் எடுங்கள். நேரம்தான் போகும், ஃபைல் ஒன்றும் போகாது.

இரண்டு இயங்குதளம் இருந்தால்?

2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினி திட்டத்தில், ஆரம்ப காலத்தில் வழங்கப்பட்ட லேப்டாப்களில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. இதுபோல் இரண்டு இயங்குதளம் உள்ள கம்ப்யூட்டர்களுக்கு விண்டோஸை மட்டும் எடுக்கும் மென்பொருள் ஒத்துவராது. முழு டிஸ்க்கையும் நகலெடுக்கும் குளோன்ஜில்லா போன்றவை பொருத்தம். புதிய டிஸ்க் பழையதற்குச் சமமாகவோ பெரியதாகவோ இருக்க வேண்டும்.

விண்டோஸ் லைசென்ஸ் போய்விடுமா?

போகாது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஜிட்டல் லைசென்ஸ் முக்கியமாக மதர்போர்டை வைத்தே அடையாளம் காணப்படுகிறது. விண்டோஸ் 8 காலத்திலிருந்து, விண்டோஸோடு விற்கப்பட்ட லேப்டாப்களில் அதற்கான கீ மதர்போர்டிலேயே பதிந்திருக்கிறது. டிஸ்க்கை மட்டும் மாற்றுவதால் ஆக்டிவேஷன் போகாது. புதிதாக இன்ஸ்டால் செய்தாலும் அதே பதிப்பைப் போட்டால் இணையத்தோடு இணைந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும்.

புதிய டிஸ்க்கில் மிச்ச இடம் எங்கே?

500 ஜிபி-யில் இருந்து 1 டிபி-க்கு மாறியும் சி டிரைவ் பழைய அளவிலேயே நிற்கிறதா? மிச்ச இடம் 'அன்அலோகேட்டட்' என்று கடைசியில் ஒதுங்கியிருக்கும். டிஸ்க் மேனேஜ்மென்டில் சி டிரைவை ரைட் கிளிக் செய்து 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' கொடுத்தால் சேர்ந்துகொள்ளும். அந்த ஆப்ஷன் மங்கலாக இருந்தால், சி டிரைவுக்கும் காலி இடத்துக்கும் நடுவில் 'ரெகவரி' பகுதி குறுக்கே உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். பார்ட்டிஷன் மென்பொருள் கொண்டு அதை கடைசிக்கு நகர்த்தினால் வழி திறந்துவிடும். 'ரெகவரி'தானே என்று அழித்துவிட வேண்டாம்.

பழைய டிஸ்க்கை என்ன செய்வது?

உடனே எதுவும் செய்யாதீர்கள். மாற்றிய தேதியை எழுதி ஒட்டி, குறைந்தது இரண்டு மூன்று வாரம் அலமாரியில் வையுங்கள். எல்லா மென்பொருளும் திறக்கிறதா, மாதக் கடைசி கணக்கு சரியாக வருகிறதா, பிரின்டர் வேலை செய்கிறதா என்று அன்றாட வேலைகளில்தான் தெரியவரும்.

அதன் பிறகும் டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் கேசிங்கில் போட்டு எக்ஸ்டர்னல் டிஸ்க்காகப் பயன்படுத்தலாம். டிவிடி டிரைவ் இருக்கும் லேப்டாப் என்றால், அதைக் கழற்றிவிட்டு 'கேடி' என்ற சட்டத்தில் பொருத்தி இரண்டாவது டிஸ்க்காகவும் வைத்துக்கொள்ளலாம்.

விற்கவோ கொடுக்கவோ போகிறீர்கள் என்றால், 'டெலிட்' செய்வதும் 'குயிக் ஃபார்மேட்' செய்வதும் அழிப்பது ஆகாது. ஃபைல்களின் பட்டியல்தான் போகும், ஃபைல்கள் தட்டிலேயே இருக்கும், இலவச மென்பொருள் வைத்தே திரும்ப எடுத்துவிடலாம். ஃபார்மேட் செய்யும்போது 'குயிக் ஃபார்மேட்' டிக்கை எடுத்துவிட்டுச் செய்யுங்கள். அப்போது அந்தப் பகுதி முழுவதும் பூஜ்ஜியம் எழுதப்படும். டிஸ்க்கில் டி, இ என்று வேறு பகுதிகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் இதைச் செய்ய வேண்டும். பல மணி நேரம் ஆகும். ஆனால் ஆதார், பான், வங்கி ஸ்டேட்மென்ட் எல்லாம் ஸ்கேன் செய்து வைத்திருந்த டிஸ்க் அது என்பதை நினைத்தால் அந்த நேரம் பெரிதில்லை. பழுதான டிஸ்க்கை குப்பையில் போடாமல் மின்கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுங்கள்.

ஒரு பார்வையில்: எந்த வரிசையில் செய்ய வேண்டும்?

1. முக்கிய ஃபைல்களை மூன்றாவது ஓர் இடத்தில் பேக்கப் எடுங்கள், திறந்து பாருங்கள்.
2. பழைய டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். மோசமாக இருந்தால் குளோன் வேண்டாம்.
3. ரெகவரி கீயைக் குறித்துக்கொண்டு என்க்ரிப்ஷனை அணையுங்கள்.
4. சோர்ஸ் எது, டார்கெட் எது என்று தாளில் எழுதி, ஒப்பிட்டு, முழு டிஸ்க்கையும் குளோன் செய்யுங்கள்.
5. பழைய டிஸ்க்கை கழற்றிவிட்டு, புதிய டிஸ்க்கில் மட்டும் பூட் செய்து பாருங்கள்.
6. சில வாரம் பொறுத்திருந்து, அதன் பிறகே பழைய டிஸ்க்கைத் தொடுங்கள்.

இதைக் கடையில் கொடுத்துச் செய்தாலும் பரவாயில்லை. முதல் வேலையை மட்டும் வீட்டிலேயே முடித்துவிட்டுப் போங்கள். கடைக்காரரிடம், "குளோன் பண்ணிக் கொடுங்க, பழைய டிஸ்க்கை ஃபார்மேட் பண்ணாம அப்படியே கையில கொடுத்துடுங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்தப் பழைய டிஸ்க் கையில் இருக்கும் வரை பயப்பட ஒன்றும் இல்லை.